கருத்துக் கேட்டது யாரிடம்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்க் கடைத்தெருவை அகலப்படுத்தி அழகுபடுத்தும் திட்டம் பற்றிச் சென்ற வாரம் தங்கள் மாவட்டப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். ‘பொதுமக்களின் கருத்தைக் கேட்ட பிறகே திட்டம் இறுதி செய்யப்பட்டது’ என்று அதில் ஒரு வரி. அதிகாரி சொன்னார், நிருபர் எழுதிவிட்டார். எந்தப் பொதுமக்கள், எந்த நாள், எந்த இடம் என்று அவர் கேட்டிருக்கலாம். என் தாத்தா காலத்திலிருந்து அந்தத் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். மாடியில்தான் குடித்தனம். எங்களை யாரும் கேட்கவில்லை. எதிர்க்கடை வெற்றிலைக்காரரையும் கேட்கவில்லை, கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிற அம்மாக்களையும் கேட்கவில்லை.

கூட்டம் என்று ஒன்று நடந்தது, மறுக்கவில்லை. ஆவணியில், முகூர்த்தம் நெருங்கிய வாரத்தில், காலை பதினொரு மணிக்கு, பைபாஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். சீர்வரிசைப் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டிக் கொடுக்கவே ஆள் போதாத நேரம் அது. கடையை மகனிடம் விட்டுவிட்டுப் போனேன். திரையில் காட்டிய படத்தில் எல்லாம் ஆங்கிலம். எழுந்து கேட்டதற்கு, டெண்டர் முடிந்துவிட்டது, ஆலோசனை இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். போகும்போது பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கையெழுத்தையா இப்போது கருத்து என்று கணக்குக் காட்டுகிறார்கள்?

இந்தத் திட்டப்படி, தேர் ஓடும் வடக்கு வீதி நடுவில் தடுப்புச்சுவர் வருகிறது. அதில் பூச்செடி, அலங்கார விளக்கு. பங்குனியில் தேர் எந்த வழியாகப் போகும்? வீதி முக்கில் தேரைத் திருப்பும்போது, முட்டுக்கட்டை போடுகிறவர் கட்டையைச் சக்கரத்தடியில் கொடுத்த கையோடு பின்வாங்க வேண்டும். இரண்டு பக்கமும் இடம் இல்லையென்றால் கால் போய்விடும். தலைமுறையாகக் கட்டை போடுகிற குடும்பம் நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. அவர்களைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசியிருந்தால் வரைபடத்தில் அந்தத் தடுப்புச்சுவரையே போட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம் ரோடு. அப்பா காலத்தில் மூன்று படி ஏறித்தான் எங்கள் கடைக்குள் வர வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுப் போட்டு, இப்போது ஒரு படி இறங்கி வருகிறோம். ஐப்பசி அடைமழையில் சாக்கடைத் தண்ணீர் உள்ளே வந்து அண்டாக்களைச் சுற்றி நிற்கிறது. கீழ் வரிசைச் செம்பும் பித்தளையும் களிம்பேறிவிடும். புளி போட்டுத் தேய்த்தாலும் அதைப் புதுப் பாத்திரம் என்று விற்க முடியாது. புதுத் திட்டத்தில் வடிகாலுக்கு வாட்டம் ஆற்றுப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள். டெல்டாவில் ஆற்றங்கரை மேடு, ஊர் பள்ளம். ஆறு நிறைந்து போகிற மாதத்தில் அந்த வடிகால் வழியாகத் தண்ணீர் வெளியே போகாது, தெருவுக்குள்தான் திரும்பும். இதைச் சொல்ல இன்ஜினீயர் படிப்பு வேண்டாம், ஒரு மழைக்காலம் இங்கே குடியிருந்தால் போதும். 2022 ஏப்ரலில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேரில் மின்சாரம் பாய்ந்து 11 பேர் இறந்தபோது, ரோட்டை உயர்த்தியதால் மேலே போகும் மின்கம்பி தேருக்கு எட்டும்படி ஆனதும் ஒரு காரணம் என்று செய்தி வந்தது. தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

கிராமத்துக்காரர்களுக்கு வருடத்தில் ஆறு நாள் கிராம சபை உண்டு. நகரத்தில் இருக்கிற நமக்கு என்ன உண்டு? 2016 அக்டோபரிலிருந்து 2022 தேர்தல் வரை கவுன்சிலர்கூடக் கிடையாது, தனி அலுவலர் ஆட்சிதான். 2022 நவம்பர் 1 அன்று நகரங்களிலும் பகுதி சபை தொடங்கியபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். தெருவிளக்கும் நாய்த் தொல்லையும் பேசிக் கலைந்தோம். கடைத்தெருத் திட்டம் அங்கே வரவே இல்லை. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) என்றால் ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். இது வெறும் மேம்பாட்டுப் பணி, அந்த விதி பொருந்தாது என்று ஓர் அலுவலர் எனக்கு விளக்கினார். சரி, விதி பொருந்தாது. மரியாதையும் பொருந்தாதா?

பூக்கார அம்மாக்களைப் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அனுப்பப் போகிறார்களாம். சாமிக்குச் சாத்துகிற பூவை அங்கே போய் யார் வாங்குவார்கள்? 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டத்தின்படி நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். எங்கள் வாசலில் உட்காருகிற ஒருவருக்கும் அப்படி ஒரு குழு இருப்பதே தெரியாது.

1915 வாக்கில் பேட்ரிக் கெடஸ் என்ற ஸ்காட்லாந்து நகரமைப்பு நிபுணர் தஞ்சாவூருக்கு வந்ததைத் தாங்கள் அறிவீர்கள். கோட்டைப் பகுதியில் வீடுகளை இடித்து நேர் ரோடு வெட்டப் போட்டிருந்த திட்டத்தைப் பார்த்தவர், சந்து சந்தாக நடந்து, பாழடைந்த வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, காலி மனைகளைச் சேர்த்துச் சந்துகளை அகலப்படுத்தினால் போதும் என்றார். நூறு வருடத்துக்கு முன்பு ஒரு வெள்ளைக்காரர் தஞ்சாவூரை நடந்தே பார்த்தார். நம் அதிகாரிகள் எங்கள் ஊரைக் காரிலிருந்து இறங்கிப் பார்க்க மறுக்கிறார்கள்.

தங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பள்ளம் தோண்டுவதற்குள், அந்த வரைபடத்தைத் தமிழ் விளக்கத்தோடு மாவட்டப் பக்கத்தில் ஒரு அரைப் பக்கம் வெளியிடுங்கள். கருத்துக் கேட்ட தேதியையும் இடத்தையும் நிருபரை விட்டுக் கேட்டு அதையும் போடுங்கள். அவர் நேரில் வந்தால் தெரு முழுக்க நானே நடந்து காட்டுகிறேன். காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்துவிடுவேன்.

இப்படிக்கு,
கடைத்தெரு பாத்திரக்கடைக்காரர்
(பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளன. ஊர்ப் பெயர் உட்பட எதையும் வெளியிட வேண்டாம்.)