'ஆட்டோபேஜிய ஏத்துங்க, வைரஸ் செத்துரும்'னு வீடியோ போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

பட்டினி இருந்தா ஆட்டோபேஜி, அதாவது செல் தனக்குள்ள இருக்கற குப்பைய தானே கரைச்சு திரும்ப எடுத்துக்கற வேலை, கூடும், அது கூடுனா உடம்புல ஒளிஞ்சிருக்கற வைரஸெல்லாம் காலின்னு வீடியோ போடுற அண்ணன்மார், அக்காமார், வெள்ள கோட்டு போட்டவங்க, போடாதவங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் லேப்ல வேலை பாக்குறவன். ஆட்டோபேஜி மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது, சொல்லப்போனா எனக்கு சோறு போடுறதே அதுதான். இத எழுத வச்சது என் சித்தி பையன். ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து போனதுக்கு அப்புறம் நெஞ்சு வலின்னு போனான், இதயத் தசை அடிபட்டா ரத்தத்துல கூடுற ட்ரோபோனின்ங்கற புரதம் ஏறிக் கெடந்துச்சு, எம்ஆர்ஐ எடுத்துப் பாத்துட்டு மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத் தசையில அழற்சின்னு சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வந்த மூணாவது நாள் எனக்கு உங்க வீடியோ ஒண்ண அனுப்புறான், கூடவே "அண்ணா, மூணு நாள் வெறும் தண்ணில இருந்தா இதயத்துல மிச்சம் இருக்கற வைரஸ செல்லே தின்னுருமாம், இருந்து பாக்கவா?"ன்னு ஒரு மெசேஜ். எனக்கு கை கால் ஓடல.

நீங்க எல்லா வீடியோலயும் போட்டோ காட்டுற யோஷினோரி ஓசுமி 2016ல நோபல் வாங்குனது உண்மைதான். ஆனா அவர் பாத்தது ஈஸ்ட்ல, இந்த ரீசைக்கிளிங் வேலை எப்படி நடக்குது, அதுக்கு எந்தெந்த ஜீன் வேணும்ங்கறத. பட்டினி கெடந்தா மனுஷனுக்கு வைரஸ் போயிரும்னு கண்டுபுடிச்சதுக்கு இல்ல.

விஷயம் என்னன்னா, நீங்க ஒரே வேலைன்னு சொல்றது ரெண்டு வேலை. செல்லுக்குள்ள பழசான புரதம், ஓட்டையான மைட்டோகாண்ட்ரியா இதெல்லாம் ரெட்டைச் சவ்வு வச்ச ஒரு பைக்குள்ள கட்டுறது முதல் வேலை, அந்தப் பைய லைசோசோம்ங்கற ஆசிட் தொட்டில கொண்டு போய் சேத்து கரைச்சு திரும்ப மூலப்பொருளா எடுக்கறது ரெண்டாவது வேலை. ரெண்டாவது நடக்கலன்னா முதல் வேலையால ஒரு புண்ணியமும் இல்ல, வீடு பூரா கட்டி வச்ச குப்பைப் பை மாதிரிதான்.

இப்ப மயோகார்டைட்டிஸ் ஆராய்ச்சில அதிகம் பாக்குற காக்சாக்கி பி3 வைரஸ எடுத்துக்கங்க. இவன் செல்லுக்குள்ள போனதும் பை கட்டுற வேலைய நிறுத்தறதில்ல, ஏத்தி விடுறான். ஏன்னா அவன் ஆர்என்ஏவ, அதாவது அவனோட மரபுப் பொருள, காப்பி எடுக்க சவ்வு வேணும், அந்தப் பை அவனுக்கு ரெடிமேட் பட்டறை. ஆனா பை லைசோசோமோட சேந்துட்டா அவனும் சேந்து கரையணுமே, அதனால 3சின்னு ஒரு கத்தரிப் புரதம் வச்சிருக்கான், அது பையையும் லைசோசோமையும் ஒட்ட வைக்கிற ஸ்னாப்29ங்கற புரதத்த நறுக்கிருது. இன்னொரு கத்தரி 2ஏ, அது குப்பைய புடிச்சு பைக்குள்ள சேக்குற பி62வ வெட்டுது. அதே 2ஏதான் இதயத் தசை செல்லுக்கு முட்டுக் குடுக்கற டிஸ்ட்ரோபினையும் வெட்டும்னு 1999லயே காட்டியாச்சு. இது போதாதுன்னு, கொஞ்சம் வைரஸ் அந்தப் பைக்குள்ளயே உக்காந்துட்டு சவ்வுப் போர்வையோட வெளிய போகுது, எதிர்ப்பு அணுக்கள் கண்ணுல அவ்வளவு சுலபமா படாது. குப்பை லாரிய மடக்கி அதுலயே ஊரவிட்டு தப்பிக்கிற திருடன்னு வச்சுக்கங்களேன்.

இத நான் கண்ணாலயே பாத்திருக்கேன். பைல ஒட்டுற எல்சி3ங்கற புரதத்துல பச்சை, சிவப்பு ரெண்டு ஒளிர்ற டேக் சேத்து வச்சிருப்போம். ஆசிட்ல பச்சை அணைஞ்சிரும், சிவப்பு நிக்கும். அதனால பை லைசோசோம போய் சேந்துட்டா மைக்ராஸ்கோப்புல சிவப்புப் புள்ளி, சேரலன்னா பச்சையும் சிவப்பும் கலந்து மஞ்சப் புள்ளி. சும்மா பட்டினி போட்ட செல்லுல சிவப்பு பொரிப் பொரியா தெரியும், பாக்கவே அழகா இருக்கும். வைரஸ் போட்டு ஆறேழு மணி நேரம் கழிச்சு பாத்தா மஞ்சளா ஈசல் மொய்ச்ச மாதிரி இருக்கும், பை எக்கச்சக்கம், கரைஞ்சது ரொம்பக் கம்மி. முதல் தடவ பாத்தப்ப நானே "அட, ஆட்டோபேஜி சூப்பரா நடக்குது"ன்னு நோட்டுல எழுதிட்டு எங்க மேடம்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். நீங்க வீடியோல பண்றதும் அதே தப்புதான், என்ன, என்னோடது நோட்டோட போச்சு.

2008ல வந்த ஒரு ஆய்வு இருக்கு. லேப் தட்டுல வளத்த செல்லுக்கு இந்த காக்சாக்கி பி3ய குடுத்து, பை கட்டுறத தடுத்து பாத்தாங்க, வைரஸ் கொறஞ்சுது. ராபமைசின்ங்கற மருந்து குடுத்தோ, இல்ல சத்து குடுக்காம பட்டினி போட்டோ ஆட்டோபேஜிய தூண்டி விட்டாங்க, வைரஸ் கூடிருச்சு. கூடிருச்சுங்க! நீங்க மருந்துன்னு சொல்ற அதே பட்டினி. தட்டுல இருக்கற செல்லும் மனுஷனும் ஒண்ணான்னு நீங்க கேப்பீங்க, நியாயமான கேள்வி, அதையே ஈஸ்ட்ட காட்டி மூணு நாள் தண்ணி விரதம் சொல்றப்ப உங்களயும் கேட்டுக்கங்க.

ஒடனே யாராச்சும் "அப்ப ஆட்டோபேஜிய அடக்கணும்"னு அடுத்த வீடியோ போட்டுராதீங்க, கும்புடுறேன். இதயத் தசை செல் லேசுல புதுசா பொறக்காது, இளவயசுல வருஷத்துக்கு 1 சதவீதம் மாறுனாலே பெரிசு, வயசாக ஆக அதுவும் பாதியாயிரும். அதனால உள்ள இருக்கறத ரிப்பேர் பண்ணிதான் காலம் தள்ளணும். வளந்த எலியோட இதயத்துல மட்டும் ஆட்டோபேஜிக்கு வேண்டிய ஏடிஜி5 ஜீன தூக்கிப் பாத்தாங்க 2007ல, இதயம் வீங்கி பம்ப் பண்ற சக்தியே போச்சு. லைசோசோம கெடுக்கற குளோரோகுயின வருஷக்கணக்கா சாப்புட்டவங்க சிலருக்கு இதயத் தசையே கெட்டுப் போனதும் உண்டு. வால்யூம் பட்டன் மாதிரி ஏத்தி எறக்குற சமாச்சாரம் இல்ல இது, எந்த வைரஸ், நோயோட எந்தக் கட்டம், எங்க அடைச்சிருக்குன்னு பாக்கணும்.

என் தம்பிக்கு அவன் டாக்டர் சொன்னதெல்லாம் ரொம்ப சாதாரண விஷயம்: வேளைக்கு சாப்புடு, மாத்திரைய விடாத, நான் சொல்ற வரைக்கும் ஓட்டம் ஜிம் எதுவும் கூடாது. 3லேருந்து 6 மாசம்னு கணக்கு சொல்லிருக்காங்க. இதுல வீடியோ போடற அளவுக்கு ஒரு த்ரில்லும் கிடையாதுதான்.

வீடியோவ எடுத்துருங்கன்னு நான் கேக்கல, கேட்டாலும் எடுக்க மாட்டீங்க. 'வைரஸ் செத்துரும்'ங்கற வரிய மட்டும் தம்ப்நெயில்லேருந்து தூக்குங்க. காய்ச்சலுக்கு அப்புறம் நெஞ்சு வலி, மூச்சு வாங்கல், படபடப்பு இருக்கறவங்க விரதம் பத்தி யோசிக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு போகணும்னு மொத நிமிஷத்துலயே சொல்லுங்க. அப்புறம், தம்பி அனுப்புன அந்த வீடியோக்கு கீழ ஒருத்தர் "எனக்கு போன மாசம் மயோகார்டைட்டிஸ், நான் இருக்கலாமா சார்?"னு கேட்டிருக்கார், நீங்க அதுக்கு ஒரு ஹார்ட் மட்டும் போட்டுட்டு போயிட்டீங்க. அவருக்கு இன்னைக்கே பதில் போடுங்க.