பாப்பாவுக்கு, சுக்கு டப்பாவோடு

கடலூர்,
மே 11

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்ல ஆரம்பித்ததும் உனக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது. "அப்பா, கடையில போடுவீங்களே ஒரு ஐஸ் டீ, அது எப்படி? இங்க பாட்டில்ல வாங்கினா வெறும் சர்க்கரைத் தண்ணியா இருக்கு" என்றாய். எதிர்வீட்டுத் தம்பி வியாழக்கிழமை சிங்கப்பூர் திரும்புகிறான். அவன் கையில் சுக்கும் ஏலக்காயும் கொடுத்தனுப்புகிறேன். கூடவே இந்தக் கடிதத்தையும் வைத்திருக்கிறேன்.

இங்கே அக்னி நட்சத்திரம் ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. காலை பத்து மணிக்கே தெருவில் இறங்க முடியவில்லை. கடை நடத்தின காலத்தில் மே மாதம் வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். பதினொரு மணிக்கு மேல் பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கும், பெஞ்சில் ஆள் இருக்காது. பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்கள் நேராகக் கரும்புச் சாறுக்கும் நன்னாரி சர்பத்துக்கும் போய்விடுவார்கள். அந்த வெயிலில் யார் சூடாக டீ குடிப்பார்கள்?

ரொம்ப நாள் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். 1904இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் பெரிய கண்காட்சி நடந்ததாம். இந்தியத் தேயிலையைப் பரப்புவதற்காக ரிச்சர்ட் பிளெச்சிண்டன் என்பவர் அங்கே டீக்கடை போட்டிருந்தார். கொளுத்துகிற வெயிலில் சூடான டீ பக்கம் யாரும் வரவில்லை. அவர் டீயை ஐஸில் ஊற்றிக் கொடுத்தாராம், கூட்டம் வந்துவிட்டதாம். அதற்கு முன்பே அந்த ஊரில் குளிர்ந்த டீ உண்டு, ஊரெல்லாம் பேர் வாங்கியது அதற்குப் பிறகுதான் என்றும் போட்டிருந்தது. படித்ததும் அந்த மனுஷனோடு பெஞ்சில் உட்கார்ந்து பேசவேண்டும்போல இருந்தது. காலி பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் என் டீ அமெரிக்காவிலிருந்து வரவில்லை, பாடலீசுவரர் கோயில் தேரிலிருந்து வந்தது. 2003, வைகாசித் தேர். நீ மூன்றாம் வகுப்பு. தேர் இழுத்துவிட்டு வந்து தண்ணீர்ப் பந்தலில் ஒரு டம்ளர் பானகம் வாங்கிக் குடித்தேன். வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை. ஜில்லென்றுகூட இல்லை, மண்பானைக் குளிர்ச்சிதான். ஆனால் தொண்டையில் இறங்கும்போது சுக்கின் காரம் ஒரு பக்கம், ஏலக்காய் வாசம் ஒரு பக்கம். சுக்கும் ஏலக்காயும் நான் தினம் டீயில் போடுகிறவைதானே, இது குளிர்ந்தால் நன்றாக இருக்கிறது என்றால் அதுவும் நன்றாகத்தானே இருக்கவேண்டும் என்று தோன்றியது. அன்று ராத்திரியே டிகாஷன் போட்டு எடுத்துவைத்தேன்.

முதல் தடவை வீணாய்ப் போனது. வழக்கமான டஸ்ட் டீயைப் போட்டு, பழக்கதோஷத்தில் நன்றாகக் கொதிக்கவிட்டு, பையைக் கரண்டியால் அழுத்திப் பிழிந்து, அப்படியே வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் பார்த்தால் சேற்றுத் தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. கடையில் ஒருவர் டம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நேத்து டீயா மாஸ்டர்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி தாங்கவில்லை. முழுவதையும் கொட்டிவிட்டேன். பழைய டீயை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

அது கெட்டுப்போன டீ இல்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான். பிளஸ் டூ படிக்கும்போது, டீயில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் கஃபீனும் குளிர்ந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால்தான் கலங்குகிறது என்றாய். கொஞ்சம் வெந்நீர் விட்டால் தெளியும் என்று அம்மா அதற்குள் கண்டுபிடித்திருந்தாள். காரணம் உன் வாயால் கேட்டபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று அப்போது சொல்லவில்லை.

சரி, இப்போது செய்முறை. நான்கு டம்ளருக்குச் சொல்கிறேன்.

முக்கால் லிட்டர் தண்ணீர் வை. கட்டைவிரல் அளவு இஞ்சி, ஒரு துண்டு சுக்கு, இரண்டையும் தட்டிப் போடு. ஒரு சின்னத் துண்டு பட்டை, கிராம்பு இரண்டு, மிளகு ஐந்தாறு. கிராம்பு இரண்டுக்கு மேல் வேண்டாம், நாக்கு மரத்துப்போகும். அடுப்பைக் குறைத்து பத்து நிமிஷம் கொதிக்கட்டும். மசாலாப் பொடி போடாதே. சூடான பால் டீயில் அது தெரியாது, ஆறினால் அடியில் மண் மாதிரி தங்கி நெருடும்.

ஏலக்காய் கடைசியில்தான். அதன் வாசம் கொதிக்கக் கொதிக்கப் பறந்துவிடும். நான் அனுப்பியதில் ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார். உள்ளே விதை கறுப்பாக, விரலில் லேசாக ஒட்டுகிற மாதிரி இருக்கும். பழுப்பாக உலர்ந்து கொட்டினால் பழசு, அங்கே தேக்கா மார்க்கெட்டில் வாங்கும்போது இதைப் பார்த்து வாங்கு. ஆறு ஏலக்காயை ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு சேர்த்துத் தோலோடு இடித்து, அடுப்பை அணைத்த பிறகு போடு. அதோடு தேயிலை ஐந்து ஸ்பூன். டஸ்ட் வேண்டாம், இலைத்தூள் வாங்கு. குன்னூர்ப் பக்கத்து இலை கிடைத்தால் நல்லது, நீலகிரித் தேயிலை குளிர்ந்தாலும் அவ்வளவாகக் கலங்காது. மூடி வைத்து நான்கு நிமிஷம், அதற்கு மேல் போனால் துவர்ப்பு ஏறிவிடும். வடிகட்டும்போது அழுத்தவே அழுத்தாதே, தானாக வடியட்டும். முப்பது வருஷம் பையைப் பிழிந்த கைக்கு இதைப் பழக்கத்தான் எனக்கு அதிக நாள் ஆயிற்று.

இது கடையில் போடும் டீயைப்போல இரண்டு மடங்கு ஸ்ட்ராங்காக இருக்கும். இருக்கவேண்டும். ஐஸ் உருகி அதைச் சரிசெய்யும். சர்க்கரையும் அப்படித்தான், சூட்டிலேயே கரைத்துவிடு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே போடு. ஜில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு சரியாகத் தெரியாது. உருகிப்போன ஐஸ்கிரீமை வாயில் வைத்துப் பார், திகட்டும். எலுமிச்சை போடுவதாக இருந்தால் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடலாம், நெல்லிக்குப்பம் பக்கம் காய்ச்சின வெல்லம் ஒரு உருண்டை வைத்திருக்கிறேன். கரைத்து வடிகட்டிக்கொள்.

பாத்திரத்தை ஒரு அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் வைத்து ஆறவிடு. நன்றாக ஆறிய பிறகு ஃபிரிட்ஜ். சூட்டோடு வைத்தால்தான் அதிகம் கலங்குகிறது. இரண்டு நாளைக்குள் முடித்துவிடு.

டம்ளர் நிறைய ஐஸ் போட்டு, டீயை ஊற்றி, அரை மூடி எலுமிச்சை பிழி. ஸ்கூல் விட்டு வந்து பையைக்கூட இறக்காமல் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பாயே, ஞாபகம் இருக்கிறதா? கருஞ்சிவப்பாக இருக்கும் டீ, எலுமிச்சைச் சாறு விழுந்த இடத்திலிருந்து வெளுத்துக்கொண்டே போய்த் தேன் நிறத்துக்கு வரும். "இன்னொரு தடவ பிழிங்கப்பா" என்பாய். வாடிக்கைக்காரர்கள் காத்திருப்பார்கள்.

பால் சேர்ப்பதாக இருந்தால் எலுமிச்சை கூடாது, இது உனக்குத் தெரியும். பாலைத் தனியாகக் காய்ச்சி ஆறவைத்துக் கடைசியில் ஊற்று. பச்சை இஞ்சியை நேராகப் பாலில் போட்டுவிடாதே, திரிந்துபோகும். தண்ணீரில் கொதித்த இஞ்சி ஒன்றும் செய்யாது. உங்கள் ஊரில் 'தே பெங்' என்று டின் பால் ஊற்றி ஐஸ் போட்டுத் தருவார்கள் என்று சொன்னாயே, அந்த டின் பாலும் சேரும், சர்க்கரையைக் குறைத்துக்கொள். எனக்கென்னவோ எலுமிச்சைதான் பிடிக்கும்.

ஐஸ் பற்றி ஒரு வார்த்தை. அந்த நாளில் முதுநகர் துறைமுகத்துக்குப் போகும் ஐஸ் பார் மலிவாகக் கிடைக்கும், அதை உடைத்துப் போடு என்று சிலர் சொன்னார்கள். மீனுக்கு அடிக்கிற ஐஸை மனுஷன் குடிக்கிற டம்ளரில் போட மனம் வரவில்லை. அம்மா வீட்டில் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கட்டி போட்டுக் கொடுப்பாள். ஒரு நாளைக்கு நாற்பது டம்ளருக்கு மேல் முடியாது. அந்த நாற்பதும் மத்தியானம் இரண்டு மணிக்குள் தீர்ந்துவிடும். உனக்கு இன்னொரு வழி சொல்கிறேன்: மிச்சமான டீயையே ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக்கிக்கொள். அதைப் போட்டால் உருகினாலும் தண்ணீராகாது.

இரவு டூட்டி வாரத்தில் உனக்கு அடுப்படியில் நிற்கத் தெம்பு இருக்காது. அப்போது மசாலாத் தண்ணீரை மட்டும் முதல் நாளே காய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள். காலையில் டூட்டி முடிந்து வந்ததும் அதில் தேயிலையைப் போட்டு, மூடி, மறுபடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் படு. நீ தூங்கி எழுவதற்குள் மெதுவாக ஊறியிருக்கும். கலங்காது, துவர்ப்பும் குறைவு. சாயங்காலம் கிளம்பும்முன் குடி. காலையில் குடித்தால் தூக்கம் கெடும். சாப்பாட்டோடு குடிக்காதே என்று அம்மா எழுதச் சொல்கிறாள். போன வருஷம் உனக்கு ரத்தம் குறைவாக இருந்ததே, டீ இரும்புச் சத்தை உடம்பில் ஏறவிடாது என்று நீயே அவளிடம் சொல்லியிருக்கிறாய். அதையே இப்போது உனக்குத் திருப்பிச் சொல்கிறாள்.

சுக்கை அம்மா மாடியில் காயவைத்து, தோல் சீவி, சின்னத் துண்டுகளாக உடைத்து வைத்திருக்கிறாள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருப்பது அது. சின்ன டப்பாவில் ஏலக்காய். காற்றுப் போகாமல் மூடி வை.

போட்டுப் பார்த்துவிட்டு எப்படி வந்தது என்று சொல். டூட்டி முடிந்து வெளியே வந்ததும் கூப்பிடு. உனக்கு ஏழு மணி என்றால் இங்கே நாலரை. கடையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் பாய்லர் பற்றவைக்கிற நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்துதான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா