கிழிந்த மூன்று ரப்பர் மீன்கள்

அன்பு மகளுக்கு,

தூண்டிலில் இரையாக மாட்ட நீ வார்த்து, உறையில் போட்டு அனுப்பிய மூன்று ரப்பர் மீன்களும் பத்திரமாக வந்து சேர்ந்தன. கடிதத்தைப் பிரிக்கும் முன் அவற்றைத்தான் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீயே அச்சு செய்து, நீயே வார்த்து, நீயே கொண்டுபோய் வீசியிருக்கிறாய். அன்று முழுவதும் அவற்றை மேசை மேல் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன் அம்மா.

இந்த மீன்களை வார்த்த பிளாஸ்டிசால் என்ற மென்பிளாஸ்டிக் ஒரு கடிக்கே கிழிந்துவிடுகிறது, சிலிக்கோனுக்கு மாறிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இப்போது மாறாதே. ஏன் என்பதை அந்த மூன்று மீன்களை வைத்தே சொல்கிறேன்.

வால் போன மீனை முதலில் ஒதுக்கிவிடலாம். வெட்டு கத்தி வைத்ததுபோல் நேராக இருக்கிறது. அது சீலா மாதிரிப் பல் உள்ள மீனின் வேலை. அந்தப் பல்லுக்கு எந்த மென்மையான பொருளும் நிற்காது, அதற்காக வருத்தப்படாதே. மற்ற இரண்டும்தான் பேசுகின்றன. ஒன்று மூக்கில் பிய்ந்திருக்கிறது, இன்னொன்று தூண்டில் முள் வெளியே வந்த துளையிலிருந்து முதுகு நெடுகப் பிளந்திருக்கிறது. பிளந்த இடத்தை இரு விரல்களால் பிடித்து இழுத்துப் பார்த்தேன். நீளவே இல்லை. ஈரச் சுண்ணாம்பு உதிர்வதுபோல் பொருக்குப் பொருக்காகப் பிரிந்தது. உள்ளே நிறம் மங்கி, பால் கலந்ததுபோல் இருந்தது. ஊசி முனை அளவுக் குமிழிகள் நான்கைந்து, அவற்றின் பக்கத்திலேயே நீ கலந்த உப்பின் பரல்கள்.

பொருளில் குற்றமில்லை. உன் மீன் அரைவேக்காடு.

பிளாஸ்டிசால் என்பது பிவிசி தூள், அதை மென்மையாக்கும் எண்ணெய் போன்ற திரவத்தில் மிதக்கும் கலவை. சூடேறும்போது ஒவ்வொரு தூளும் அந்தத் திரவத்தைக் குடித்து உப்புகிறது. அப்போதே கலவை கெட்டியாகிவிடுவதால் வெந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் தூள்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நிற்கின்றனவே தவிர ஒன்றோடொன்று உருகிக் கலக்கவில்லை. இன்னும் சூடாக்கினால் கெட்டியான கலவை மறுபடி இளகும். பால் நிறம் போய், கண்ணாடிபோல் தெளிந்து, தேன்போல் வழியும். அது ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸில் நடக்கும். அந்தத் தெளிவு வந்த பிறகு வார்த்த மீனை இழுத்துப் பார், பல மடங்கு நீண்டுவிட்டுத்தான் அறும். நீ கெட்டியாவதற்கும் தெளிவதற்கும் நடுவிலேயே அவசரப்பட்டு ஊற்றியிருக்கிறாய். நிறத்தை நம்பாதே, வெப்பமானி வாங்கிக்கொள். தூரத்திலிருந்து காட்டும் வகை மேற்பரப்பின் சூட்டை மட்டுமே சொல்லும். அதனால் நன்றாகக் கலக்கிவிட்டு அளந்து பார். உள்ளே செருகும் வகையானால் இன்னும் நல்லது.

அதற்காகச் சூட்டைக் கண்டபடி ஏற்றிவிடாதே. இதைச் சொல்லும்போது என் குரல் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள். பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். கண்ணையும் தொண்டையையும் அரிக்கும், நுரையீரலுக்குக் கேடு. கலவை மஞ்சளாகத் தொடங்கியதுமே அடுப்பை அணைத்துவிடு. சமையலறையில் இந்த வேலை வேண்டாம். காற்றோட்டமான வெளியிடம், அமில வாயுவைத் தடுக்கும் முகக்கவசம், கண்ணாடி, முழங்கை வரை கையுறை. இந்த வேலைக்கு எடுத்த பாத்திரத்தில் இனி ஒருபோதும் உணவு சமைக்காதே.

என் இடது மணிக்கட்டில் இருக்கும் அந்த வட்டத் தழும்பைச் சின்ன வயதில் தடவித் தடவிப் பார்த்து, எப்படி வந்தது என்று கேட்பாய். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு வார்த்து, மேலே காய்ந்துவிட்டது என்று நம்பி ஊற்றினேன். உள்ளே ஈரம் இருந்தது. அது நொடியில் ஆவியாகி, கொதிக்கும் பிளாஸ்டிக்கைக் கைமேல் துப்பியது. தண்ணீர்போல் உதறிவிட முடியாது, ஒட்டிக்கொண்டு எரிக்கும். உன் மீனில் இருக்கும் குமிழிகளைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உன் அச்சிலும் ஈரம் இருக்கிறது. நாள்கணக்கில் காயவிட்டு, பூச்சு அடித்து, அதன் பிறகு பயன்படுத்து. அருகில் தண்ணீர்க் குவளைகூட இருக்கக் கூடாது.

உப்பு பற்றி. எடை கூடும், மீன் கவ்வினால் சற்று நேரம் விடாமல் வைத்திருக்கும் என்று எல்லோரும் கலக்கிறார்கள். ஆனால் உப்புப் பரல் பிளாஸ்டிக்கோடு ஒட்டுவதில்லை. ஒவ்வொரு பரலும் ஒரு பொத்தல், கிழிசல் அங்கிருந்துதான் கிளம்பும். நீடித்து உழைக்க வேண்டும் என்றால் உப்பை விட்டுவிடு. விடவே முடியாது என்றால் மாவாக அரைத்து, மிகக் குறைவாகச் சேர்.

மென்மைக்கும் உறுதிக்கும் எப்போதும் இழுபறிதான். மென்மையாக்கும் திரவம் கூடினால் வால் அழகாக ஆடும், உடல் எளிதில் கிழியும். கடினமாக்கியைக் கூட்டினால் உடல் தாங்கும், வால் மரக்கட்டையாக நிற்கும். ஒரே கலவையில் இரண்டையும் தேடி அலையாதே. இரண்டு கலவை காய்ச்சு. மென்மையானதை வாலுக்கு முதலில் ஊற்றி, அது சூடு ஆறும் முன்பே உறுதியானதை உடலுக்கு ஊற்று. இரண்டும் உருகி ஒன்றாகிவிடும். ஆறிய வால்மேல் ஊற்றினால் இணைப்பிலேயே கழன்றுவிடும்.

முதுகு பிளப்பதற்கு எனக்குப் பிடித்த ஒரு வைத்தியம் உண்டு. மெல்லிய நைலான் வலைத்துணியில் விரலகலப் பட்டையை வெட்டி, மூக்கிலிருந்து முதுகு வரை அச்சுக்குள் வைத்துவிட்டு ஊற்றுவேன். பிளாஸ்டிக் கண்ணிகளுக்குள் புகுந்து இறுகிவிடும், தூண்டில் முள் இழுக்கும் இழுப்பை வலை வாங்கிக்கொள்ளும். கொசுவலையை வெட்டும் முன் அது எதில் நெய்தது என்று பார். பாலிஎத்திலீன் என்றால் நீ ஊற்றும் சூட்டிலேயே உருகிச் சுருண்டுவிடும்.

இனி சிலிக்கோன். அது நல்ல பொருள்தான், வெயிலுக்கும் சூட்டுக்கும் அசையாது. இரண்டு திரவங்களைக் கலந்தால் போதும், அடுப்பே வேண்டாம். உன் பாதுகாப்பை நினைத்தால் எனக்கே ஆசையாக இருக்கிறது. ஆனாலும் நீ தேடும் குணம் அதில் குறைவு. நன்றாக நீளும், தூண்டில் முள் ஒருமுறை கீறிவிட்டால் அந்தக் கீறலே ஓடத் தொடங்கிவிடும். கிழிந்ததை மறுபடி உருக்கவும் முடியாது. பிளாட்டினத்தால் இறுகும் வகை சிலிக்கோன் கந்தகம் பட்டால் இறுகவே இறுகாது. கந்தகம் கலந்த களிமண்ணில் மாதிரி செய்தாலோ, கந்தகம் உள்ள லேடெக்ஸ் கையுறை போட்டுக்கொண்டு கலக்கினாலோ பிசுபிசுவென்றே நிற்கும். அச்சு செய்வதற்கு சிலிக்கோனை எடுத்துக்கொள், அங்கே அதற்கு நிகர் இல்லை.

பத்து மடங்கு நீளும் என்று விற்கிறார்களே, அது டிபிஇ என்ற, ரப்பர்போல் நீளும் வேறு பிளாஸ்டிக் இனம். உண்மையிலேயே எளிதில் கிழியாது, மிதக்கவும் செய்யும். உருகினாலும் கெட்டியாகவே இருப்பதால் அழுத்தம் கொடுத்து அச்சுக்குள் செலுத்த வேண்டும். வீட்டில் பாத்திரத்திலிருந்து ஊற்றும் வேலைக்கு ஒத்துவராது. கடையில் வாங்கி வைத்திருந்தால் உன் பிளாஸ்டிசால் மீன்களோடு ஒரே டப்பாவில் போடாதே. நான் ஒரு கோடையில் அப்படிப் போட்டு மறந்துவிட்டேன். திறந்தபோது எல்லாம் இளகி ஒட்டி, ஒரே பிசினாகக் கிடந்தது. மென்மையாக்கி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் கசிந்துவிடுகிறது.

அந்த மென்மையாக்கியிலும் ஒரு கவனம் தேவை. தாலேட்டு என்பது மென்மையாக்கிகளில் ஒரு வகை, அதில் சில உடலுக்குக் கேடு. தாலேட்டு இல்லாதது என்று எழுதியதையே வாங்கு. பொம்மைகளில் சில தாலேட்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2005லேயே கட்டுப்படுத்திவிட்டது. நீ நாள் முழுக்கக் கையாளப் போகும் பொருள் இது.

ஒரு செய்தி உனக்குப் பிடிக்கும். பிவிசியை இப்படி மென்மையாக்கும் வழியை வால்டோ செமன் 1926இல் கண்டுபிடித்தது அமெரிக்காவின் ஆக்ரன் நகரில். அதே ஆக்ரனில் 1949இல் நிக் கிரீம் என்ற இயந்திரத் தொழிலாளி, தன் மனைவியோடு வீட்டுச் சமையலறையில் பிளாஸ்டிக் புழுவை வார்த்தார். இன்று உலகெங்கும் விற்கும் மென்பிளாஸ்டிக் இரைகளுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. உன்னைப் போலவே அச்சும் அடுப்புமாகத்தான் அவர்களும் நின்றிருப்பார்கள்.

கிழிந்த துண்டுகளைத் தண்ணீரில் விட்டுவிடாதே. மீன்களை அறுக்கும்போது வயிற்றில் ரப்பர் துண்டு கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். அது செரிக்காது. சிறு கிழிசலைச் சூடான கத்தி முனையால் தொட்டு ஒட்டிவிடலாம். ஒட்ட முடியாததைக் கழுவி, ஈரம் போகக் காயவைத்து, புதுக் கலவையில் கொஞ்சமாகச் சேர்த்து உருக்கிக்கொள். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் நிறம் பழுப்பாகும் என்பதால் கறுப்பு மீன்களுக்கு வைத்துக்கொள்.

அடுத்து வார்க்கும்போது உப்பில்லாமல், 175 டிகிரி வரை காய்ச்சி, காய்ந்த அச்சில் ஒரே ஒரு மீன் வார்த்துப் பார். ஆறியதும் நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியை எனக்கு அனுப்பு. மற்றொரு பாதியை நீ இழுத்துப் பார்த்து, எவ்வளவு நீண்டது என்று எழுது.

உன் அன்பு அப்பா