பெற்றோருக்குக் கடிதம்: காலாண்டுக்குப் பின் பள்ளிச் செய்திகள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வின் விடைத்தாள்கள் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டன. பத்தாம் வகுப்பின் தேர்ச்சி மனநிறைவு தருகிறது. கபடியிலும் கோ-கோவிலும் நம் அணிகள் நன்றாக ஆடின. பேச்சு, ஓவியப் போட்டிகளில் பரிசுகள் வந்திருக்கின்றன. வளாகத்தில் நட்ட வேப்பங்கன்றுகள் மழையில் தழைத்து நிற்கின்றன. உதவிய அனைவருக்கும் நன்றி. அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வருகிறது. அட்டவணையைப் பின்னர் அனுப்புகிறோம்.

அறிவியல் கண்காட்சிக்காக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் செய்துவரும் ‘இருட்டினால் தானே எரியும் விளக்கு’ பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். எல்.டி.ஆர். என்று கடைகளில் கேட்டால் பட்டாணி அளவில் ஒரு பொருள் தருவார்கள். வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை சில ஆயிரம் ஓம்களுக்கு இறங்கிவிடும். இருட்டில் பல லட்சம் ஓம்களுக்கு ஏறும். அதோடு 1 லட்சம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக இணைத்து, இரண்டும் சேரும் இடத்திலிருந்து, சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டருக்கு ஒரு ஒயர் கொடுக்கிறோம். இருட்டும்போது அந்த இடத்தில் மின்னழுத்தம் 0.6 வோல்ட்டைத் தாண்டும். டிரான்சிஸ்டர் திறந்துகொள்ளும், எல்.இ.டி. எரியும். இவ்வளவுக்கும் ஒரு 9 வோல்ட் பேட்டரி போதும். எரியும் எல்.இ.டி.யின் வெளிச்சம் எல்.டி.ஆர். மேலேயே விழுந்தால் விளக்கு துடிக்கத் தொடங்கும். அதற்குக் காரணம் கண்டுபிடித்து, நடுவே ஓர் அட்டையை மறைப்பாக வைத்த மாணவியைப் பார்த்து மகிழ்ந்தேன்.

வெளிச்சம் குறைவதை அளந்து அறிவது நம் பகுதிக்குப் புதிதல்ல என்று அறிவியல் ஆசிரியர் வகுப்பில் சொன்னார். 1977-இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே வந்தபோது, கோள் மறைப்பதற்கு முன்பே நட்சத்திர ஒளி மங்கியதை, அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தின் ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்திலும் பதிவு செய்தார்கள். அப்படி மங்கியது கோளைச் சுற்றியுள்ள வளையங்களால்; யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தது அந்த ஆண்டில்தான். பிள்ளைகளின் ஆர்வம் அன்று முதல் இரட்டிப்பானது.

அந்த ஆர்வம்தான் இப்போது என்னைக் கவலைப்பட வைத்திருக்கிறது. சில வீடுகளில் பேட்டரியும் எல்.இ.டி.யும் போதவில்லை என்று, ரிலே (சிறு மின்சாரத்தால் வீட்டு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றை வாங்கிச் சேர்த்து, வாசல் விளக்கையே இந்தச் சுற்றில் இணைத்திருக்கிறார்கள். பிள்ளை பெரிதாகச் செய்யட்டும் என்று நீங்கள் நினைப்பது இயல்பே; அந்தப் பெருமிதத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கடந்த வாரம் ஒரு மாணவனுக்கு விரலில் ஷாக் அடித்திருக்கிறது. நல்லவேளையாக உயிருக்கு ஆபத்தில்லை. நலமாகப் பள்ளிக்கு வருகிறான்.

ரிலேயை இணைத்துவிட்டால், அதன் ஒரு பக்கம் 9 வோல்ட், மறுபக்கம் 230 வோல்ட். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி விரல் அகலம்கூட இருக்காது. பலகையின் அடியில் பற்றவைத்த புள்ளிகள் திறந்தபடியே இருக்கும். பகலில் விளக்கு அணைந்திருக்கிறதே என்று பிள்ளை கையில் எடுப்பான். விளக்கு எரியாவிட்டாலும் அங்கே கரண்ட் இருக்கும். எடுத்த கை எல்.டி.ஆரை மறைத்தால் அதுவே இருட்டு, ரிலே உடனே இணைத்துவிடும். மழைக்காலம் வேறு: சுவரில் ஈரம், தரையில் ஈரம், காலில் செருப்பும் கிடையாது.

நம் பெற்றோர்களில் பலர் குடியாத்தம் தறிக்கூடங்களிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை முடித்து வீடு திரும்ப இரவாகிவிடும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் இந்த விளக்கைச் சோதித்துப் பார்ப்பதோ பொழுது சாயும் நேரத்தில், வீட்டில் பெரியவர்கள் இல்லாதபோது.

ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன். பிளக் பொருத்திய, வீட்டு மின்சாரத்தில் இயங்கும் எந்த மாதிரியும் பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே வராது. கொண்டுவந்தால் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்வோம். பெற்றோர் நேரில் வந்தால்தான் திருப்பித் தருவோம். வீட்டில் ஏற்கெனவே இணைத்திருப்பவர்கள், பிள்ளையைச் செய்யச் சொல்லாமல், மெயின் சுவிட்சை அணைத்து வயர்மேன் ஒருவரைக் கொண்டு இன்றே கழற்றிவிடுங்கள். இதில் யாருக்கும் விலக்கு இல்லை. பெரிய விளக்கு எரிந்தால் கூடுதல் மதிப்பெண் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்; அப்படி எதுவும் கிடையாது. எல்.இ.டி. ஏன் எரிகிறது என்று பிள்ளை தன் வாயால் விளக்கினால் அதற்குத்தான் மதிப்பெண்.

கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாகங்கள் வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே தருகிறோம். மாலையில் ஆய்வகம் 5.30 மணி வரை திறந்திருக்கும், ஆசிரியர் உடனிருப்பார். பெற்றோர்களில் வயர்மேன் வேலை தெரிந்தவர்கள் ஒரு சனிக்கிழமை வந்து, மின்சாரத்தைப் பாதுகாப்பாகக் கையாளுவதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினால் பேருதவியாக இருக்கும். ஏற்கெனவே ஒரு தந்தை தாமாக முன்வந்திருக்கிறார். அவருக்கு என் நெஞ்சார்ந்த நன்றி.

கீழே உள்ள சீட்டில் கையொப்பமிட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். நாள் முழுக்க உழைத்துக் களைத்த பிறகும் பிள்ளையின் அருகில் உட்கார்ந்து ஒயர் பிடித்துக் கொடுத்த ஒவ்வொரு தாய்க்கும் தந்தைக்கும் பள்ளியின் சார்பில் நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்