எதை விற்பது என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. வீட்டிலிருந்தபடியே இணையத்தில் விற்பனை தொடங்கப் போவதாகவும், கைபேசி உறை, குழந்தைகளுக்கான ஆயத்த ஆடை, பீங்கான் கோப்பை, எம்பிராய்டரிப் பொருள்கள் ஆகிய நான்கில் எதை எடுப்பது என்று முடிவு செய்ய முடியவில்லை என்றும் நீ எழுதியிருந்ததைப் படித்தேன். நான்கின் எதிரிலும் எவ்வளவு விற்கும் என்று ஒரு மதிப்பீடு எழுதியிருக்கிறாய். விற்ற பிறகு ஒவ்வொன்றும் உன்னை என்ன பாடுபடுத்தும் என்ற குறிப்பு ஒன்றின் எதிரிலும் இல்லை. வாழ்நாளின் பெரும்பகுதியைச் சரக்குக் கணக்கு எழுதுவதிலேயே கழித்தவன் என்பதால் என் கண் முதலில் அங்கேதான் போகிறது. ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, அது வாங்கியவரின் கையில் பிரிக்கப்படும் இடத்தில் தொடங்கி, அங்கிருந்து பின்னோக்கி உன் வீட்டு அலமாரி வரை அதன் வழியைப் பார்த்துவர வேண்டும் என்பது என் எண்ணம். அப்படிப் பார்த்தால் உன் பட்டியலின் வரிசை முழுவதுமாக மாறிவிடுகிறது.

"இப்போது எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்ற வரி உன் மடலில் இரண்டு இடங்களில் வருகிறது. அந்த வரியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 2017-ஆம் ஆண்டின் முற்பகுதியில், விரலில் வைத்துச் சுழற்றும் ஃபிட்ஜெட் ஸ்பின்னர் பல நாடுகளில் திடீரென்று விற்றுத் தீர்ந்தது. சில மாதங்களில் அந்த மோகம் வடிந்தும் போயிற்று. அப்படிப்பட்ட பொருளை விலை இறங்கும் நேரத்தில் மொத்தமாகத் தருவித்தவனிடம் பெட்டிகள்தான் மிஞ்சும். ஒரு சொல்லை மக்கள் எவ்வளவு தேடுகிறார்கள் என்பதைக் கோடாக வரைந்து காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் பொருளின் பெயரை இட்டுக் கடந்த ஐந்து ஆண்டுகளின் கோட்டைப் பார். செங்குத்தாக ஏறிச் செங்குத்தாக இறங்கியிருந்தால் விட்டுவிடு. ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் மட்டும் உயர்கிறது என்றால், மற்ற மாதங்களில் உன் முதல் முடங்கிக் கிடக்கும் என்று வைத்துக்கொள். பெரிய ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் சலிப்பூட்டும் விதத்தில் ஓடுகிற கோடே எனக்குப் பிடித்தது.

மிகப் பெரிய நிறுவனங்களின் கதையை வீட்டுத் தொழிலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதில் எனக்கு விருப்பம் குறைவு. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1994-இல் அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸ் இணையத்தில் விற்கத்தக்க 20 வகைப் பொருள்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தார். 1995 ஜூலையில் அமேசான் கடை திறந்தது. எந்தக் கடையின் அலமாரியிலும் அடங்காத அளவுக்குத் தலைப்புகள் இருப்பது அதற்கு அவர் சொன்ன முதன்மையான காரணம். என் கணக்குப் புத்திக்கு வேறு சில காரணங்களும் தெரிகின்றன. ஒரு புத்தகத்தை எங்கே வாங்கினாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்பதால் தொட்டுப் பார்க்காமலே வாங்கலாம். அதற்கு அளவு கிடையாது. கீழே விழுந்தால் உடையாது. ஓராண்டு அலமாரியில் இருந்தாலும் கெட்டுப்போகாது. இந்தக் குணங்களை உன் நான்கு பொருள்களிலும் தேடிப் பார்.

ஆடையில் இவற்றுள் பெரும்பாலானவை இல்லை. துணி நன்றாகவே இருக்கும், தையலும் நன்றாகவே இருக்கும், குழந்தைக்கு அளவு சேராது. பார்சல் திரும்பி வரும். அதன் விளைவை எண்ணிலேயே காட்டுகிறேன். விற்பனை விலையை 100 என்று வை. சரக்கின் அடக்கம் 40, விற்பனைத் தளத்தின் கமிஷன் 15, பார்சலும் கூரியரும் 15, விளம்பரம் 12 என்றால், ஒன்று விற்றால் 18 மிஞ்சும். நல்ல லாபம் என்று தோன்றும். இனி, 100 உருப்படி அனுப்பி 20 திரும்பி வந்ததாகக் கொள்வோம். நின்ற 80-இல் கிடைப்பது 1440. திரும்பிய ஒவ்வொன்றுக்கும் போன கூலி 15, வந்த கூலி 15, விளம்பரத்திற்குக் கொடுத்தது 12 ஆக 42 கையைவிட்டுப் போகிறது, இருபதுக்கு 840. மிச்சம் 600. திரும்பியவை 30 ஆகிவிட்டால் 70 உருப்படிகளின் லாபம் 1260, திரும்பிய 30-இன் நட்டமும் 1260; மாதம் முழுவதும் உழைத்ததற்கு மிச்சம் ஒன்றுமில்லை. இத்தனைக்கும் கமிஷனைத் தளம் திருப்பித் தந்துவிட்டது, திரும்பி வந்த ஆடை எல்லாம் மறுபடியும் விற்கத்தக்க நிலையில் இருந்தது என்று நான் தாராளமாகவே கணக்கிட்டிருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில், இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களை 14 நாள்களுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பிவிட வாங்குபவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. உன் வாங்குபவர்கள் இருக்கும் நாட்டில் விதி என்ன என்பதைச் சரக்கெடுக்கும் முன்பே படித்துவிடு.

ஆடையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரே ஒரு மாதிரிச் சட்டையை ஐந்து அளவிலும் நான்கு நிறத்திலும் வைத்தாலே இருபது வகை ஆகிவிடுகிறது; வகைக்குப் பத்து வாங்கினால் 200 சட்டை. பலருக்கும் பொருந்தும் அளவுகள் முதலில் விற்றுவிடும். யாரும் கேட்காத அளவும் யாருக்கும் பிடிக்காத நிறமும் கடைசி வரை உன் அறையில் இருக்கும். உன் லாபம் முழுவதும் அந்த மூட்டைக்குள் அடங்கியிருக்கும்.

பீங்கான் கோப்பையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். உடைவது ஒரு பக்கம் இருக்கட்டும். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்த்துக் கட்டணம் வாங்குவதில்லை என்பதை நீ கவனித்திருக்கிறாயா? பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பல நிறுவனங்கள் 5000-ஆலும் சில 6000-ஆலும் வகுத்து, வருகிற எண்ணைக் கிலோ என்று கொள்கின்றன. அதற்கும் உண்மையான எடைக்கும் இடையில் எது அதிகமோ அதற்கே கட்டணம். உடையாமலிருக்கச் சுற்றிலும் பஞ்சணை வைத்த பெட்டி 20, 15, 15 என்றிருந்தால் 4500. 5000-ஆல் வகுத்தால் 0.9 கிலோ. உள்ளே இருப்பது அரைக் கிலோவாக இருந்தாலும் 0.9 கிலோவுக்கே பணம் கட்டுவாய். பாதுகாப்புக்காகப் பெட்டியைப் பெரிதாக்கும்போதெல்லாம் கூலியும் ஏறும்.

கைபேசி உறை இந்தத் தேர்வில் நன்றாகத் தேறுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; இலேசானது, தட்டையானது, உடையாதது. அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கைபேசி மாதிரிக்கும் தனி உறை வேண்டும், புதிய மாதிரி வந்ததும் பழையதன் உறையைக் கேட்பவர்கள் குறைந்துகொண்டே போவார்கள், நீ வாங்கும் அதே மொத்த வியாபாரியிடம் அதே உறையை நூறு பேர் வாங்கி அதே படத்தைப் போட்டு விற்பார்கள். அந்த நிலையில் நீ மாற்றக்கூடியது விலை ஒன்றுதான். மாற்றும் திசையும் ஒன்றுதான். கூடவே பவர் பேங்க் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2016 ஏப்ரல் முதல் தடைசெய்திருக்கிறது, பவர் பேங்க்கும் அந்த வகையிலேயே சேர்கிறது. ஒற்றையாளாகத் தொடங்குகிறவளுக்கு அந்தத் தலைவலி தேவையில்லை.

எனவே, நீ தயக்கத்தோடு கடைசியாக எழுதியிருந்த எம்பிராய்டரிப் பொருள்களுக்கு வருகிறேன். இது உனக்குத் தெரிந்த வேலை என்பதால் நான் பாசத்தால் சாய்கிறேன் என்று நினைக்காதே; கணக்கும் அந்தப் பக்கமே சாய்கிறது. நூலும் துணியும் இலேசு, உடையாது, அளவு பிரச்சினை இல்லை, வெயிலும் ஈரமும் படாமல் வைத்தால் நெடுநாள் கெடாது. இதைவிடப் பெரிய காரணம், ஒருமுறை வாங்கியவர் மறுபடியும் வந்தே தீர வேண்டிய பொருள் இது என்பது. டிஎம்சி நிறுவனத்தின் பருத்தி எம்பிராய்டரி நூல் 500 நிறங்களில் வருகிறது, ஒவ்வொரு நிறத்திற்கும் நிலையான எண் உண்டு. பாதித் தையலில் நூல் தீர்ந்தவர், அதே எண்ணை அன்றே தேடுவார். வேறு நிறத்தோடு சமாதானம் ஆகமாட்டார். புதிய வாங்குபவரைத் தேடி விளம்பரத்திற்குக் கொடுக்கிற அந்த 12, திரும்பி வருகிறவரிடம் உனக்கே மிஞ்சும்.

ஆனால் ஒற்றை நூல் சிட்டத்தை, அதாவது ஒரே ஒரு சுருள் நூலை, விற்க முடியாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நூலின் விலையைவிட அதை அனுப்பும் கூலி பன்மடங்கு. அந்த ஆர்டரை எந்தக் கணக்கும் தாங்காது. ஆகவே தொடங்குபவருக்கான தொகுப்பாக விற்பது நல்லது: ஓர் அங்குலத்திற்கு 14 கட்டம் உள்ள ஐடா துணி (எண்ணித் தைக்கக் கட்டம் கட்டமாக நெய்தது), ஒரு வளையம், முனை மழுங்கிய ஊசி, வேண்டிய நிற நூல்கள், எந்தக் கட்டத்தில் எந்த எண் நூல் என்று காட்டும் வரைபடம். ஒரு சிட்டத்தில் ஆறு இழைகள் கொண்ட நூல் 8 மீட்டர் இருக்கிறது. 14 கட்டத் துணியில் கிராஸ் ஸ்டிட்ச் எனும் பெருக்கல் குறித் தையல் போட வழக்கமாக இரண்டு இழை போதும் என்பதால், பிரித்தால் 24 மீட்டர் தைக்க வருகிறது. வடிவம் சிறியதாக இருந்தால் ஒரு சிட்டத்தை இரண்டு மூன்று தொகுப்புகளுக்குப் பங்கிடலாம், அடக்கம் இறங்கும். அதே சமயம், நூலை அளந்து வெட்டி அட்டையில் சுற்றி எண் எழுத ஒரு தொகுப்புக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்து, அந்த நேரத்தையும் அடக்கத்தில் சேர். வீட்டுத் தொழில் செய்பவர்கள் தங்கள் உழைப்பை இலவசமாகவே கணக்கில் எழுதுகிறார்கள். இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது.

இந்தப் பொருளிலும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. இணையத்தில் கண்ட வடிவத்தை எடுத்து வரைபடமாக்கி விற்காதே, அது வேறொருவரின் உரிமை. திரைப்படக் கதாபாத்திரங்களுக்கும் இதுவே பொருந்தும். உனக்கு வரையத் தெரிந்திருப்பது மற்றவர்கள் எளிதில் படியெடுக்க முடியாத ஒரே சரக்கு, அதனால் வடிவங்கள் உன்னுடையவையாகவே இருக்கட்டும். திரையில் தெரியும் நிறமும் கையில் வரும் நிறமும் ஒன்றாக இருக்காது. பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, நிற எண்ணையும் படத்தின் கீழே எழுதிவிட்டால் பாதிப் புகார் குறையும். ஊசி இருப்பதால் சிறு குழந்தைகளுக்கு உரியது அன்று என்பதைப் பெட்டியின் மேலேயே தெளிவாக எழுது. குழந்தைகளுக்கான தொகுப்பு என்று விளம்பரப்படுத்த ஆசை வரும். அப்படிச் செய்தால் பல நாடுகளில் பொம்மைகளுக்கான பாதுகாப்பு விதிகளுக்குள் நீ வந்துவிடக்கூடும், சோதனைச் சான்றுக்கு ஆகும் செலவு உன் முதலையே விழுங்கும்.

சரக்கை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். 1999-இல் நிக் ஸ்வின்மர்ன் காலணி விற்க இணையக் கடை தொடங்கியபோது, கிடங்கு நிரப்பவில்லை. காலணிக் கடைகளுக்குப் போய்ப் படமெடுத்து வந்து தளத்தில் இட்டார். யாரேனும் கேட்டால் அந்தக் கடையிலேயே வாங்கி அனுப்பினார். அந்த விற்பனையில் லாபம் கிடையாது, ஆனால் காலணியைப் போட்டுப் பார்க்காமல் வாங்குவார்களா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. அந்தக் கடையே பின்னர் ஜாப்போஸ் என்று பெயர் பெற்றது. நீயும் மூன்று வடிவங்களுக்கு மட்டும் கையிலுள்ள நூலைக்கொண்டு தொகுப்பு செய்து, அனுப்ப எத்தனை நாள் ஆகும் என்பதை மறைக்காமல் எழுதி வெளியிடு. தோழிகளும் உறவினர்களும் வாங்குவதைக் கணக்கில் சேர்க்காதே, அவர்கள் பொருளுக்காக அல்ல, உனக்காக வாங்குகிறார்கள். முன்பின் அறியாத ஒருவர் முழு விலை கொடுத்து வாங்கி, சில வாரம் கழித்து அடுத்த வடிவம் எப்போது வரும் என்று கேட்டால், அந்த ஒரு கேள்வியை நம்பி மொத்த வியாபாரியிடம் பேசு. குறைந்தது இத்தனை உருப்படி எடுத்தால்தான் தருவேன் என்று அவர் சொல்லும் எண்ணிக்கையை உடனே ஏற்றுக்கொள்ளாமல், முதல் முறைக்கு அதில் பாதியைக் கூடுதல் விலைக்குத் தருவாரா என்று கேள். அந்தக் கூடுதலைச் செலவென்று எண்ண வேண்டாம்; விற்காத சரக்கு உன் அறையில் தேங்காமலிருக்கக் கொடுக்கும் விலை அது.

அடுத்த மடலில் எனக்கு வேண்டியவை இவை: தயாரான ஒரு தொகுப்பைப் பெட்டியிலிட்டு ஒட்டிய பிறகு அதன் எடை, மூன்று பக்க அளவு, உன் ஊரிலிருந்து மிகத் தொலைவான இடத்திற்குக் கூரியர் கேட்கும் கட்டணம், தொகுப்பு செய்ய ஆன நேரம். அவை வந்ததும் 100 என்று வைத்து நான் மேலே போட்ட கணக்கை உன் உண்மையான எண்களில் போட்டு அனுப்புகிறேன். ஆடைக்காரரிடம் முன்பணம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தால், அதுவரை நிறுத்தி வை.

அன்புடன்,
அப்பா