கூட்டத்தை அப்பாமாருக்கு வையுங்கோ

எங்கட ஊர் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும்,

வணக்கம். போதை ஒழிப்பு எண்டு பிள்ளையளை வெயிலுக்க பதாகையோட ஏ9 றோட்டு வரைக்கும் நடத்திக்கொண்டு போனனீங்கள், படமும் எடுத்துப் போட்டனீங்கள். எனக்கு ஒண்டுதான் விளங்கேல்ல, ஆறாம் வகுப்புப் பிள்ளை "குடியை விடு" எண்டு ஆருக்குக் கத்துது? கேக்கவேண்டிய ஆக்கள் அந்த நேரம் வயலுக்க நிண்டிருப்பினம், இல்லாட்டி கள்ளுக் கொட்டிலுக்க.

சட்டம் இருக்குத்தானே. 2006இல வந்த சட்டப்படி 21 வயசுக்குக் குறைஞ்ச ஆளுக்குச் சாராயமோ பியரோ விக்கேலாது, விளம்பரமும் போடேலாது. நல்லது. ஆனா வீட்டு விளம்பரத்தை ஆர் தடுக்கிறது? பெரும்போகம் வெட்டிக் காசு வந்தா போத்தில், சாமத்திய வீடெண்டா பின்வளவுக்க போத்தில், செத்தவீட்டிலயும் போத்தில், கனடா மாமா வந்து பெட்டியைத் திறந்தா சொக்லேட் பிள்ளைக்கு போத்தில் அப்பாவுக்கு. "ஓடிப்போய் சோடாவும் மிக்சரும் வாங்கிக்கொண்டு வா, மிச்சம் நீ வை" எண்டு அனுப்புறதும் அந்தப் பொடியனைத்தான். சந்தோசத்துக்கும் இதுதான் கவலைக்கும் இதுதான் எண்டு அவன் எப்பவோ படிச்சு முடிச்சிட்டான், ரீச்சர் ஈரல் படம் கீறிக் காட்டினது அதுக்குப் பிறகு.

இன்னொரு கதையும் இருக்கு. வெளியில களவாக் கசிப்புக் குடிக்கிறதை விட எங்கட கண்ணுக்கு முன்னால ஒரு முடறு பியர் குடிக்கட்டும் எண்டு படிச்ச ஆக்களே சொல்லுகினம். அவுஸ்திரேலியாவில 1,900க்கு மேற்பட்ட பிள்ளையளை 6 வருசம் தொடர்ந்து பாத்து 2018இல ஒரு ஆய்வு வந்தது, தாய் தேப்பன் குடுக்கிறதால ஒரு பாதுகாப்பும் இல்லையாம், பிள்ளை வேற ஆக்களிட்ட வாங்கிக் குடிக்கிறதுதான் கூடுமாம்.

தயவுசெய்து அம்மாமாரைக் காலமை கூப்பிட்டு வகுப்பெடுக்கிறதையும் விடுங்கோ. போத்திலை ஒளிச்சு வைச்சதுக்கு அடி வாங்கின மனுசிக்கு நீங்கள் என்னத்தைப் புதுசாச் சொல்லப்போறியள்?

அப்பாமாரைக் கூப்பிடுங்கோ. பின்னேரம் ஆறு மணிக்கு, பள்ளிக்கூடத்தில வேண்டாம், சனசமூக நிலையத்தில. பிள்ளையளைக் கடைக்கு அனுப்பிறேல்ல, அவையளுக்கு முன்னால குடிக்கிறேல்ல, கொண்டாட்டத்தில போத்தில் வைக்கிறேல்ல எண்டு முதல்ல சங்கத் தலைவர்மார் நீங்களே சொல்லுங்கோ, ஏனெண்டா பின்வளவுக்க உங்களையும் கண்டிருக்கிறம். திகதியைச் சொன்னா எங்கட ஒழுங்கை ஆம்பிளையளை நான் கூட்டிக்கொண்டு வாறன்.