பள்ளி வாசலில் இன்ஜினை அணையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் விடாத இருமல் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் வீட்டுத் தூசி, பனி, பூனை முடி எல்லாம் இருந்தன. வண்டிப் புகை மட்டும் ஒரே வரியில் முடிந்துவிட்டது. 32 வருடம் டீசல் மெக்கானிக்காக இருந்தவன் நான். அந்த ஒரு வரியைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கரும்புகை கக்கும் வண்டியைப் பார்த்தால் எல்லோரும் மூக்கைப் பொத்துகிறோம். பொத்தத்தான் வேண்டும். ஆனால் டீசலைப் பீய்ச்சும் நாசிலைச் சரிசெய்து, புகையே தெரியாமல் ஓடும் பழைய டீசல் இன்ஜினிலிருந்தும் நுண்துகள் வந்துகொண்டுதான் இருக்கும். 2.5 மைக்ரான், அதற்கும் கீழே. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கு பிடித்து நிறுத்துவது பெரிய தூசியைத்தான். இது நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகிறது. அதிலும் மிகப் பொடியானது ரத்தத்தில் கலக்கிறது. இன்ஜினுக்காவது ஏர் ஃபில்டர் அடைத்தால் கழற்றி மாற்றிவிடலாம்.

என் பேத்திக்கு ஏழு வயது. ஆஸ்துமா. இரவில் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால் அவள் அம்மா எழுந்து, இன்ஹேலர் மாட்டிய ஸ்பேசர் குழாயை முகத்தில் வைத்து, இன்ஹேலரை அழுத்திவிட்டு மூச்சை எண்ணுவாள். ஒரு நாள் குழந்தை நிம்மதியாகத் தூங்கும்போது நானும் கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நிமிடத்துக்கு அவளுக்கு 22, எனக்கு 15. எடைக்கு எடை கணக்குப் பார்த்தால் குழந்தைகள் நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். அதுவும் சைலன்சருக்குப் பக்கத்து உயரத்தில் நின்றுகொண்டு!

நுரையீரல் பதின்வயது முடியும்வரை வளர்கிறது. தெற்குக் கலிஃபோர்னியாவில் 1993 முதல் பள்ளிப் பிள்ளைகளைக் குழாயில் ஊதவைத்து வருடாவருடம் அளந்திருக்கிறார்கள். நுண்துகள் மிகுந்த ஊரில் 18 வயதில் நுரையீரல் திறன் குன்றியிருந்தவர்களின் விகிதம், காற்று நன்றாக இருந்த ஊரைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று 2004-இல் சொன்னார்கள். அப்புறம் அங்கே காற்று தேறியது. பின்னால் வந்த பிள்ளைகளின் நுரையீரலும் நன்றாக வளர்ந்ததை 2015-இல் அதே ஆய்வு காட்டியது. எனக்குத் தெம்பு தந்தது இந்தப் பின்பாதிதான்.

சரி, பள்ளி வாசலுக்கு வருகிறேன். மணி அடிக்கும் நேரத்தில் இருபது வண்டிகள், ஏசிக்காக எல்லாம் ஓடியபடியே. அந்த வரிசையில் என் வண்டியும் நின்றது. பேத்தி ஓடிவந்து ஏறும்போது இருமுவாள். 'ஓடாதேன்னு எத்தனை தடவை சொல்றது' என்று அவளைத்தான் திட்டியிருக்கிறேன்.

வாசலில் இன்ஜினை அணைத்தால் ஆஸ்துமா தீர்ந்துவிடாது, தெரியும். தொழிற்சாலைப் புகையும் குப்பை எரிப்பும் நம் சாவியில் இல்லை, இது இருக்கிறது. 'அடிக்கடி ஸ்டார்ட் செய்தால் எரிபொருள் வீண்' என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய வண்டிகளில் பத்து வினாடிக்கு மேல் நிற்பதாக இருந்தாலே அணைப்பதுதான் மிச்சம்.

இப்போது நான் அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி உட்கார்ந்திருக்கிறேன். நேற்று பின்வண்டிக்காரர் இறங்கி வந்து, "என்னண்ணே, ஸ்டார்ட் ஆகலையா? தள்ளிவிடட்டுமா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போனார், தன் வண்டியை அணைத்தாரா என்று மட்டும் சத்தத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை, அத்தனை இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டீசல் மெக்கானிக் ஒருவர்